தூரிகை பிடித்த பிள்ளையைத் தடுக்காதீர்!

நம் வீடுகளில் இப்போது புதியதொரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மகனோ மகளோ அடம்பிடித்துச் சேர்ந்து, கலைக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்துவிடுகிறார்கள். முடித்த சூட்டோடு, "இன்னும் இரண்டு ஆண்டு; ஓவியத்தில் பட்ட மேற்படிப்பு" என்று வந்து நிற்கிறார்கள். நான்காண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பணம் கட்டிய தகப்பன் அதிர்ந்து போகிறான். "மேற்படிப்பு டாக்டருக்கு உண்டு, எஞ்சினீயருக்கு உண்டு. படம் போடுகிறவனுக்கு என்னப்பா மேற்படிப்பு? கைதான் பழகிவிட்டதே, இனிப் போய்ச் சம்பாதி" என்கிறான்.

இந்தக் கேள்வியில் பிழை இல்லை. உழைத்துச் சலித்தவன் கேட்கிற கேள்வி அது. ஆனால் அதற்குரிய விடையை அவனுக்கு யாரும் சொல்வதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் சொன்னால் நமக்கு விளங்காத பாஷையில் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அப்பாவின் முகத்தைப் பார்த்து எடுத்துச் சொல்ல நா எழுவதில்லை. நம் சங்கங்கள் இதை ஒரு பொருட்டாகவே கருதியதில்லை. அந்தப் பிள்ளை கேட்பது நியாயம். அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அந்தக் குடும்பத்தோடு நிற்பதல்ல, நம் எல்லோருக்கும் உண்டு என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

அந்த இரண்டாண்டில் என்னதான் நடக்கிறது? எம்.எஃப்.ஏ. என்றும் சில பல்கலைக்கழகங்களில் எம்.வி.ஏ. என்றும் பெயர். ஓவியம், சிற்பம், அச்சோவியம் என்று துறை துறையாக இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது குறைவு. மாணவனுக்குப் பட்டறையில் ஒரு சுவரையும் ஒரு மூலையையும் ஒதுக்கித் தருவார்கள். "நீ என்ன செய்யப் போகிறாய், ஏன் செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள். ஆசிரியர்கள் அடிக்கடி வந்து நிற்பார்கள், குடைவார்கள், முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். கலை வரலாறும் படித்தாக வேண்டும். முடிவில் தன் வேலைகளையெல்லாம் சுவரில் மாட்டி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னே நின்று பதில் சொல்ல வேண்டும். வரைபடம் கொடுத்தால் அதன்படி இரும்பை ராவி இழைத்துப் பொருத்துகிற ஃபிட்டர் ஒருவர். என்ன பொறி செய்வது என்று தானே முடிவு செய்து வரைபடம் போடுகிறவர் இன்னொருவர். பட்டப்படிப்பு முன்னவரை உருவாக்குகிறது, மேற்படிப்பு பின்னவரை. கூலிக்குப் படம் போடுவதற்கு முதல் நான்காண்டே அதிகம். தன் படத்தைத் தானே தீர்மானிப்பதற்குத்தான் அடுத்த இரண்டாண்டு.

இதில் அந்த 'மூலை' என்று சொன்னேனே, அதை நம்மவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் மான்கூர்டிலும் நாம் வாழ்வது பத்துக்குப் பத்து அறை. அதற்குள் சமையல், குளியல், ஐந்தாறு பேர் உறக்கம், பல வீடுகளில் தையல் மெஷினும் அதற்குள்ளேயே. நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸ் ஒன்றை எங்கே சாய்த்து வைப்பது? எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்கில் ஆகும். அதுவரை அதைத் தொடாமல் ஒரு குடும்பம் எப்படி நடமாடும்? டர்ப்பன்டைன் வாடையில் கைக்குழந்தை எப்படித் தூங்கும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மேற்படிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் ஓர் அறை உண்டு, மாடி உண்டு, கார் நிறுத்துமிடமாவது உண்டு. நம் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தரும் அந்த மூலைதான் வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று கிடைக்கிற இடம்.

இடத்தை விட்டால் பொறிகள். செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்துப் படம் எடுக்கும் எட்சிங்குக்குப் பெரிய உருளை பூட்டிய அச்சுப்பொறி வேண்டும். லித்தோவுக்கு ஆளுயரம் இல்லாவிட்டாலும் ஆள் தூக்க முடியாத கல் வேண்டும். சிற்பத்துக்குச் சூளையும் வார்ப்புலையும் வேண்டும். இவற்றைத் தனிமனிதன் வாங்கி வைக்க முடியாது. முதல் போட்டு எந்திரம் வைத்திருப்பவனிடம் கைகட்டி நிற்பது நமக்குப் பழக்கப்பட்ட கதை. அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த எந்திரம் பொதுச் சொத்தாக நிற்கிறது. நம் வரிப் பணத்தில் வாங்கிய அதை நம் பிள்ளைகள் இரண்டாண்டு தொட்டு வேலை செய்யட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாராவியில் பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வளர்ந்த பையனுக்கு உலையின் நிறத்தைப் பார்த்தே சூடு தெரியும். தோல் பதனிடுகிற, வெட்டுகிற, தைக்கிற கைகளின் நடுவே வளர்ந்த பெண்ணுக்குத் தோலின் குணம் தெரியும். சிற்பத் துறையில் மற்ற மாணவர்கள் இரண்டாண்டு தடுமாறிக் கற்பதை இவர்கள் மூக்குச் சளியோடு கற்றுக்கொண்டு வந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், இதைத் திறமை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நேர்முகத் தேர்வில் "உன் பின்னணி என்ன?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

'தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஐயப்படுவோருக்கு வங்காளத்து ராம்கிங்கர் பைஜின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1906-இல் பாங்குராவில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தலைவர்களின் படங்களை வரைந்துகொண்டிருந்த இளைஞரை ராமானந்த சட்டர்ஜி என்ற பத்திரிகை ஆசிரியர் கண்டெடுத்து, 1925-இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். (கண்டெடுத்தவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதை நம் ஆசிரியர் குழுவினர் குறித்துக்கொள்ளவும்!) அங்கே 1938-இல் அவர் 'சந்தால் குடும்பம்' என்ற சிற்பத்தைச் செய்தார். ஓர் ஆண், ஒரு பெண், குழந்தை, கூடவே நாய். கையிலும் தலையிலும் இருக்கிற தட்டுமுட்டுச் சாமான்களோடு பிழைப்புத் தேடி வேறிடம் பெயர்கிறார்கள். வெண்கலத்துக்குப் பணம் ஏது? சிமெண்ட்டையும் செம்புறைக் கற்பொடியையும் கலந்து திறந்தவெளியில் எழுப்பினார். 1956-இல் 'ஆலை அழைப்பு' செய்தார். சங்கு ஊதியதும் ஆலையை நோக்கி ஓடுகிற உழைப்பாளிப் பெண்கள். பரேலிலும் லால்பாகிலும் ஆலைச் சங்கு கேட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! கலாபவனத்தில் கற்ற அவர் அங்கேயே ஆசிரியராகி, தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளை உருவாக்கினார்.

மெரினாவில் நிற்கிற உழைப்பாளர் சிலையை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. 1959-இல் நிறுவப்பட்ட அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌதுரி, வங்காளத்திலிருந்து வந்து சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றியவர். பிழைக்க வந்த ஊரில் ஒருவர் அந்த ஊருக்கே அடையாளத்தைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் மும்பைக்குக் கொடுத்தது வியர்வை. அதைப் பார்த்து வரைந்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற செய்தி. நம் குடிசைகளைப் படம் எடுக்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் சந்துகளைச் சுற்றிக் காட்டக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025 ஜூன் முதல் தேதி தில்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடித்துத் தள்ளப்பட்டபோது, மண்வாரி எந்திரத்தின் முன்னே அழுகிற நம் தாய்மார்களின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்தப் படங்களில் நாம் எப்போதும் அழுகிறோம், அல்லது அழுக்காக இருக்கிறோம், அல்லது 'இவ்வளவு துன்பத்திலும் சிரிக்கிறோம்'. காலை நாலு மணிக்குக் குழாயடியில் நடக்கிற அரசியலை, ஊருக்குப் பணம் அனுப்பிய இரவில் வீட்டில் நிலவுகிற அமைதியை வரைந்தவர் யார்? அதை உள்ளிருந்து பார்த்தவர்தான் வரைய முடியும். பார்த்தவருக்குப் பயிற்சியும் இடமும் காலமும் வேண்டும்.

நடந்திருக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகளும் உண்டு. நாகபுரியின் சவி சாவர்க்கர் (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவர் அம்பேத்கர் வழி நின்ற தலித் ஓவியர்) பரோடாவில் அச்சோவியத்தில் மேற்படிப்புப் படித்தவர், தீண்டாமையையே தன் ஓவியத்தின் பொருளாக்கினார், பிறகு தில்லிக் கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். தன்பாத் நிலக்கரிப் பகுதியில் வளர்ந்த பீரேந்தர் யாதவ், கொல்லர் ஒருவரின் மகன். காசியில் பட்டமும் தில்லிக் கலைக் கல்லூரியில் மேற்படிப்பும் முடித்தவர். செங்கற்சூளையில் வேலை செய்யும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களே அவருடைய படைப்புகளுக்குப் பொருள். நம் வரிசையில் இப்படி ஒரு பெயரைச் சொல்லும் நாள் வர வேண்டாமா?

சரி, சோற்றுக்கு வழி? இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. மேற்படிப்பு முடித்தவுடன் படம் லட்சக்கணக்கில் விற்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். விற்கிறவர்கள் மிகச் சிலர். காட்சிக்கூடங்களின் கதவு ஆங்கிலம் பேசுகிறவருக்கு எளிதாகத் திறக்கிறது. ஆனால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விதிப்படி கேட்கப்படுவது மேற்படிப்பும் நெட் தேர்வும்தான். (பெயர் பெற்ற கலைஞர்களுக்கு விதிவிலக்கு உண்டு, அதை நம்பி ஒருவன் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.) நிரந்தர இடங்கள் குறைந்து, பல இடங்களில் மணிக்கணக்குக் கூலிக்கு ஆசிரியர்களை வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மையே. இருந்தும், வெறும் பட்டத்தோடு நிற்கிறவனுக்குத் திறக்காத கதவு அது.

"ஹுசேன் என்ன மேற்படிப்புப் படித்தார்? சினிமா பேனர் வரைந்தே உலகப் புகழ் பெறவில்லையா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். 1930-களில் இதே பம்பாயில் சாரத்தில் ஏறி நின்று பேனர் வரைந்தவர் அவர். ஆனால் அந்தச் சாரம் இன்று எங்கே? ஃப்ளெக்ஸ் அச்சு வந்ததும் பேனர் ஓவியரும் கடைப் பலகை எழுதுகிறவரும் தொழிலை இழந்தார்கள். சம்பாதித்துக்கொண்டே கை பழக இருந்த பள்ளிக்கூடம் அதோடு மூடப்பட்டுவிட்டது. அப்பனிடம் தூரிகை பிடிக்கக் கற்றவனுக்கு இனி மிஞ்சியிருப்பது கல்லூரிதான்.

படித்து முடித்தபின் நிற்க இடமில்லாத நிலையைச் சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் நன்றாக அறிந்திருந்தார். தன் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதைக் கண்டு அவர் பொருமிக்கொண்டு உட்காரவில்லை. கலைஞர்கள் ஒன்றுகூடி, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அரசு கொடுத்ததன்று, சீமான் கொடுத்ததன்று, கூட்டுறவு. சீட்டுப் பிடித்தே ஊரில் வீடு கட்டிய நமக்குக் கூட்டுறவைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இனி நம்மில் பலருக்கும் தெரியாத ஒரு முட்டுக்கட்டையைப் பற்றி. ஆதிதிராவிடர் குடும்பங்கள் கவனிக்கவும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருக்கிறவர் மகாராட்டிரத்துக்குக் குடிவந்தால், இந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டில் அவருக்குப் பங்கில்லை. ஆந்திரத்துப் பழங்குடி மாணவர் ஒருவர் மும்பையின் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதன் அடிப்படையை மாற்றவில்லை. சாதி மட்டும் நம்மோடு ரயிலேறி வந்துவிடுகிறது. சலுகை ஊரிலேயே இறங்கிவிடுகிறது! ஆகவே 1857-இல் தொடங்கிய நம் வாசற்படியின் ஜே.ஜே. கலைப் பள்ளியிலோ, குஜராத் அரசின் கீழுள்ள பரோடாப் பல்கலைக்கழகத்திலோ நம் பிள்ளை பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சொந்த மாநிலத்துச் சான்று செல்லும். சாந்திநிகேதனின் விசுவபாரதி, காசி இந்துப் பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம் மூன்றிலும் நுண்கலை மேற்படிப்பு உண்டு. தகப்பனின் சான்றைக் காட்டி, குடியேறிய மாநிலத்திலேயே பிள்ளைக்குச் சான்று வாங்கவும் மத்திய அரசின் விதி இடம் தருகிறது. விண்ணப்பம் முடிகிற வாரத்தில் திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் ஓடி அலைவதை விட்டு, இதை இப்போதே எடுத்து வைக்கலாமே.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தாய்மார்கள் தயங்குவது தெரிகிறது. நர்சிங் படிக்க மங்களூருக்கு அனுப்பவில்லையா? அங்கே விடுதி இருப்பதுபோல் இங்கேயும் விடுதி இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் தனியார் கல்லூரிகளின் பக்கம் திரும்பவே வேண்டாம், லட்சங்களில் கேட்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தாங்கக்கூடியது. ஆளை முறிப்பது பொருட்செலவு. கேன்வாஸ், வண்ணம், தகடு, தாள், வார்ப்புக்கு மெழுகு, உலோகம் எல்லாம் மாதந்தோறும் வாங்க வேண்டும். கட்டணச் சலுகை கிடைத்த மாணவன்கூட இங்கேதான் இடறுகிறான். நல்ல வண்ணம் வாங்க முடியாமல் மட்டமானதை வாங்குகிறான். பெரிதாகச் செய்ய வேண்டியதைச் சிறிதாகச் செய்கிறான். தேர்வாளர் அதைக் கற்பனைக் குறைவு என்று எழுதிவிட்டுப் போகிறார். இரவெல்லாம் கல்யாண மேடை அலங்கார வேலைக்குப் போய்விட்டுக் காலையில் பட்டறையில் தூங்கி விழுகிற பிள்ளைகளையும் அறிவேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது. லலித் கலா அகாதமிக்குத் தில்லி கடியிலும் சென்னையிலும் குறைந்த வாடகைப் பட்டறைகள் உண்டு. இவற்றின் அறிவிப்புகள் நம் பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை. இந்த இதழில் மாதம் கால் பக்கம் ஒதுக்கினால் அந்தக் குறை தீரும்.

கடைசியாகச் சங்கத்தாரிடம் சில வார்த்தைகள். ஆண்டுவிழாவில் பத்தாம் வகுப்பில், பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு கொடுக்கிறோம். எஞ்சினீயரிங் சேர்ந்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதே விழா மேடைக்குப் பின்திரை எழுத, தலைவர் படம் வரைய, கலைக் கல்லூரிப் பிள்ளையை முதல் நாள் இரவு கூப்பிடுகிறோம். விடியவிடிய வரைகிறான், காலையில் ஒரு டீயும் வடாபாவும் கொடுத்து, "நன்றாக வரைந்திருக்கிறாய் தம்பி" என்று அனுப்புகிறோம். பெயின்டருக்குக் கொடுக்கிற அன்றைய கூலியைக்கூட அவனுக்கு எண்ணிக் கொடுத்ததில்லை. எலெக்ட்ரீசியனுக்கும் பந்தல்காரருக்கும் கணக்கில் பற்று எழுதியிருக்கிறது. பின்திரை வரைந்தவன் பெயரில் ஒரு வரி இல்லை.

வரும் பொதுக்குழுவுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். கல்வி நிதியில் நுண்கலை மேற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு ஒருவருக்காவது பொருட்செலவுத் தொகை தருவது. அதைக் கடனாகத் தராமல் கொடையாகவே தருவது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று வேலைகளுக்கு உதவ இரண்டு தோழர்களைப் பொறுப்பாக்குவது. மூன்றாவதற்குப் பணமே தேவையில்லை. நம் கட்டிடத்தின் மேல்மாடி அறை, பழைய நாற்காலிகளும் தேர்தல் தட்டிகளுமாக வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. வடக்குப் பக்கம் சன்னல் இருக்கிறது. படம் வரைய ஏற்ற வெளிச்சம். நாற்காலிகளை மாடிப்படியின் கீழ் அடுக்கிவிடலாம். சாவி செயலாளரிடம் இருக்கிறது.